எழுபத்தொன்றில் போன சனிக்கிழமை

1

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன். மூக்குக்கு நேரே ஒரு கடிதம் நீண்டது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் மனைவி மலர். அவள் முகத்தைப் பார்த்ததுமே இது மின்சார பில் இல்லை என்று விளங்கிவிட்டது.

எங்கள் குடியுரிமை விண்ணப்பத்தைப் பற்றிய கடிதம். மூன்றே வரி. எனக்கும் மலருக்கும் மகள் தாரணிக்குமாக நாங்கள் கொடுத்த விண்ணப்பத்தை இப்போதைக்கு முடிவுசெய்ய இயலாது. காரணம், என் பெயரில் போக்குவரத்துத் தண்டம் ஒன்று மூன்று வருடமாக நீதிமன்றத்தில் கட்டப்படாமல் கிடக்கிறது. அதைத் தீர்த்து அத்தாட்சி அனுப்பினால் மேற்கொண்டு பார்க்கலாம்.

"என்ன இது?" என்றாள் மலர்.

"பிழையாய் அனுப்பியிருக்கிறாங்கள்."

"உங்கட பேர், உங்கட பிறந்த திகதி, உங்கட விலாசம். இதிலை எது பிழை?"

"தண்டம் பிழை. நான் ஆர்? எனக்குத் தண்டமோ?"

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு என் கோபம் விளங்க வேண்டுமானால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் பதினேழு வருடம் ஒரு நீதிமன்றத்தின் பதிவறையில் வேலை பார்த்தவன். வழக்குக் கட்டுகளோடு வாழ்ந்தவன். ஒக்லண்டில் இப்போது அட்டைப்பெட்டிக் களஞ்சியம் ஒன்றில் கணக்கெடுத்தாலும், சட்டம் என்றால் எனக்கு ஒரு மரியாதை. ஐம்பதில் போகலாம் என்று பலகை போட்டிருந்தால் நான் நாற்பத்தெட்டில் போவேன். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். அவர்களுக்கு நான் கண்ணாடியில் தலையை ஆட்டி அறிவுரை சொல்வேன். தாரணி வெட்கத்தில் சீட்டுக்குக் கீழே வழுகிப் போவாள்.

அந்தத் தாரணிதான் இப்போது சோபாவில் கிடந்தபடி தலையை உயர்த்தாமல் சொன்னாள்: "அப்பா, ஜஸ்ட் பே இட். எவ்ரிபடி கெட்ஸ் டிக்கெட்ஸ்."

"செய்யாத குற்றத்துக்குக் காசு கட்டுறதோ? அப்பிடிக் கட்டினா ஒப்புக்கொண்டதாய்ப் போகும். பிறகு ரெக்கோட்டிலை கிடக்கும்."

"கிடந்தாக் கிடக்கட்டும்," என்றாள் மலர். குரல் தணிந்திருந்தது. அதுதான் ஆபத்து. "தை மாசம் தங்கச்சிக்குக் கலியாணம். பதினொரு வருசமாச்சு அவளைக் கண்டு. கனடாவுக்குப் போகேக்கை சட்டையோடை திரிஞ்சவள், இப்ப கூறை கட்டப்போறாள். இந்தக் கடதாசி வந்தாத்தான் பாஸ்போட். பாஸ்போட் வந்தாத்தான் கனடாவுக்கு விசா. உங்கட ரெக்கோட்டுக்காக நான் அவளின்ரை கலியாணத்தை வீடியோவிலை பாக்கிறதோ?"

எங்கள் பழைய கடவுச்சீட்டுகள் காலாவதியாகி அலுமாரிக்குள் கிடக்கின்றன. அகதியென்று வந்து சேர்ந்தவன் தான் விட்டோடி வந்த அரசிடமே திரும்பிப் போய்ப் புதுப்பித்துத் தாருங்கள் என்று நிற்க முடியாது. எண்ணிப் பார்த்தேன், நான்கு மாதம் இருந்தது.

"நாளைக்கே லீவு போட்டிட்டுப் போறன்," என்றேன்.

2

எங்கள் நீதிமன்றத்தில் போக்குவரத்து வழக்கென்றால் பெரும்பாலும் சைக்கிள் வழக்குத்தான். லைட் இல்லாமல் ஓடியது, பின்னால் ஆளை வைத்து டபிள் ஏற்றியது, பிறேக் இல்லாதது. ஒரு காலையில் முப்பது நாற்பது பேர் வேலியோரம் நிரையாக நிற்பார்கள். பெயர் கூப்பிட ஒவ்வொருவராக ஏறி, "குற்றவாளி ஐயா" என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். பாதிப் பேருக்கு எந்தக் குற்றம் என்றே தெரியாது. குற்றம் செய்யவில்லை, சுற்றவாளி என்று சொன்னால் தவணை போடுவார்கள், இன்னொரு நாள் தோட்டத்து வேலை கெடும், பத்தரை பஸ் போய்விடும். அதற்காகக் குற்றவாளி. நான் அவர்கள் பெயருக்கு நேரே, என் அழகான கையெழுத்தில், குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதிக்கொண்டே போவேன்.

பிறகு யாராவது தன் வழக்கின் பிரதி வேண்டுமென்று பதிவறைப் பக்கம் வருவார். நான் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "வியாழக்கிழமை வாங்கோ" என்பேன். வியாழக்கிழமை வந்தால், "எந்த வியாழக்கிழமை எண்டு சொன்னனான்?" என்பேன். அது அக்கிரமம் என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை. பதிவறை என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஆகவே புதன்கிழமை காலை ஒக்லண்ட் நகரத்து நீதிமன்றத்துக்கு நான் முழு ஆயத்தத்தோடு போனேன். கோட்டு, டை. பச்சை ஃபைல் ஒன்று. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், எல்லாவற்றிலும் மூன்று மூன்று பிரதி. மத்தியானச் சாப்பாடும் கட்டிக்கொண்டு போனேன். பின்னேரம் வரையாவது நிற்பாட்டுவார்கள் என்பது என் கணக்கு.

கவுண்டரில் டெபி என்று பெயர் குத்திய ஒரு பிள்ளை இருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். "ஹாய், எப்படி இருக்கிறீர்கள்?" என்றாள். நீதிமன்றத்தில் இப்படியொரு கேள்வியை நான் கேள்விப்பட்டதில்லை. எழுந்து நின்று பதில் சொல்லப் பார்த்தேன். ஆனால் நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

குடும்பப் பெயரைக் கேட்டாள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்றே என் அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்துக்குள் எழுதிவிட்டார்கள். சொன்னேன், தட்டினாள். இருபது வருடத்துக்கு முன் காலமாகிவிட்ட மனிதர், வாழ்நாளில் மாட்டு வண்டில் தவிர வேறொன்றும் ஓட்டாதவர், திரையில் தண்டக்காரராக வந்து நின்றார்.

"இதோ இருக்கிறது," என்றாள் டெபி.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அரை நிமிடம் ஆகவில்லை. பதினேழு வருடத்தில் நான் ஒரு வழக்குக் கட்டை அரை நாளுக்குள் எடுத்துக் கொடுத்ததில்லை. எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

அவள் வாசித்தாள். வெள்ளை மஸ்டா கார். மாங்கரேயில், விமான நிலையத்துக்குப் போகும் பாதை. மூன்று வருடத்துக்கு முன், ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை, காலை. ஐம்பதில் போக வேண்டிய இடத்தில் எழுபத்தொன்று. பிடித்தது பொலிஸ்காரர் அல்ல, தெருவோரக் கமரா. அறிவித்தல்கள் எல்லாம் காரின் பதிவிலிருந்த கிளென்ஃபீல்ட் விலாசத்துக்குப் போயிருக்கின்றன. பதில் இல்லாதபடியால் விஷயம் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது.

வெள்ளை மஸ்டா, கிளென்ஃபீல்ட் விலாசம். எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"இது நான் இல்லை," என்றேன். "ஓடியது ஆரெண்டு எனக்குத் தெரியும்."

ஓட்டியவர் வேறொருவர் என்றால் அவர் சத்தியக்கடதாசி கொடுக்கலாம், வழக்கைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்றாள். எதற்கும் கமராப் படத்தை முதலில் பார்ப்பது நல்லது, வெலிங்டனிலிருந்து தருவிக்கிறேன் என்றாள். கட்டாத தண்டம் என்பதால் படம் இன்னும் இருக்குமாம்.

"எப்ப வர?" என்று கேட்டேன்.

"அடுத்த வியாழக்கிழமை வாருங்கள்," என்றாள்.

3

ஓடியது அன்ரன்.

அன்ரன் மன்னார்ப் பெடியன். நான் அகதி விண்ணப்பம் போட்டு, தனியே கிளென்ஃபீல்டில் ஒரு ஒற்றை அறை ஃபிளட்டில் மூன்று வருடம் காய்ந்த காலத்தின் கடைசியில் வந்து சேர்ந்தவன். வயது முப்பதிருக்கும், ஆனால் எங்களுக்குப் பெடியன். பாண் பேக்கரியில் வேலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். மலரும் தாரணியும் வந்த பிறகு நாங்கள் பக்குரங்காவுக்கு மாறியபோது ஃபிளட்டை அவனிடம் விட்டேன். மஸ்டாவையும் அவனுக்கே கொடுத்தேன், ஏனென்றால் குடும்பம் வருகிறதென்று நான் ஒரு வான் வாங்கியிருந்தேன். காரின் பதிவை என் பெயரிலேயே விட்டுவிட்டேன். முதல் வந்தவன் பெயரில் பின்னால் வந்தவனின் காரும் டெலிஃபோனும் ஓடுவது எங்களிடையே வழமை. பெயர்தானே, தேயுமா?

அந்த வானில்தான் நான் விமான நிலையத்துக்குப் போய் மலரையும் தாரணியையும் கூட்டிவந்தேன். இந்தக் கதையைப் பல கலியாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ஆகவே அந்த ஆகஸ்டில் மஸ்டா அன்ரனின் கையில். இதில் சந்தேகமே இல்லை.

அன்றே ஹாபர் பாலத்தைத் தாண்டிக் கிளென்ஃபீல்டுக்குப் போனேன். "வாங்கோ அண்ணை!" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். அடுத்த கிழமை வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி நான் இரண்டரை வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை.

"என்ரை பேருக்குக் கடிதம் வந்ததோ?" என்றேன் வாசலிலேயே.

அவன் முகம் மலர்ந்தது. "ஓம் அண்ணை, பத்திரமாய் வைச்சிருக்கிறன்."

மாதா சொரூபத்துக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஐந்து நீளக் கடிதங்கள். மேலே செபமாலை. ஒன்றும் உடைக்கப்படவில்லை.

"அரசாங்க முத்திரை கிடந்தது. உங்கட சிற்றிசன் கடதாசியாக்கும் எண்டு நினைச்சன். பெரிய விஷயம், தபாலிலை அனுப்பித் துலைஞ்சிட்டா? நீங்கள் வரேக்கை கையிலை குடுப்பம் எண்டு வைச்சனான். ஒவ்வொரு செவ்வாயும் உங்களுக்காக வேண்டினனான் அண்ணை."

"விசரா!" என்று கத்தினேன். "நீ வேண்டினது என்ரை தண்டத்துக்கடா!"

மலரின் கனடாப் பயணம் தடைப்பட்டு நிற்பதைச் சொல்லி, அவனை இருத்தி விசாரித்தேன். விசாரித்தேன் என்பது மரியாதையான சொல். குறுக்கு விசாரணை செய்தேன்.

"மூண்டு வருசத்துக்கு முந்தி, ஆகஸ்டிலை ஒரு சனிக்கிழமை விடிய மாங்கரேப் பக்கம் போனனியோ?"

"ஞாபகமில்லை அண்ணை."

"எயர்போட்டுக்குப் பாண் கொண்டு போறனீதானே?"

"அது... ஓம், சில நேரம் போறனான்."

"கெதியாய்த்தானே ஓடுவாய்?"

"பாண் ஆறிப்போகுமெல்லோ அண்ணை."

"அப்ப நீதான்."

அவன் கொஞ்ச நேரம் மாதாவைப் பார்த்தான். பிறகு, "அண்ணை சொன்னாச் சரியாய்த்தான் இருக்கும்," என்றான். "நான்தான் ஓடியிருப்பன். மலரக்கான்ரை பயணத்துக்கு இடைஞ்சலாய்ப் போச்சு. என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ, செய்யிறன்."

எனக்கு நிம்மதி. அங்கேயே மேசையில் இருந்து சத்தியக்கடதாசியை எழுதினேன். பதினேழு வருடப் பழக்கம், பேனை தானாக ஓடியது. மேற்குறிப்பிட்ட தினத்தில் மேற்குறிப்பிட்ட வாகனத்தை மேற்குறிப்பிட்ட வேகத்தில் செலுத்தியவர் கீழே கையொப்பமிடும் நபரே. இங்கிலீஷில் அது இன்னும் கம்பீரமாக வந்தது. சனிக்கிழமை அவனை ஒரு சமாதான நீதவானிடம் கூட்டிப்போய்ச் சத்தியமும் பண்ணுவித்தேன்.

வீட்டுக்கு வந்து மலரிடம் வெற்றியாகச் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை.

"அவனுக்கு ஞாபகமில்லை எண்டு சொன்னவன். நீங்கள் எப்பிடி எழுதிச் சத்தியம் பண்ணுவிச்சனீங்கள்?"

"அவன் ஒப்புக்கொண்டவன், மலர்."

"உங்களிட்டை ஆர்தான் ஒப்புக்கொள்ளாமல் தப்பினது?" என்றாள். "வியாழக்கிழமை நானும் வாறன்."

4

வியாழக்கிழமை மூன்று பேரும் கவுண்டருக்கு முன்னால் நின்றோம். அன்ரன் பேக்கரியிலிருந்து நேரே வந்திருந்தான், புருவத்தில் கோதுமை மா. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்தான். டெபி நிமிர்ந்ததும் அவன் ஒரு அடி முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "ஐ ஆம் தி ட்ரைவர், சேர்," என்றான்.

அந்தப் பிள்ளை தன்னை யாரும் சேர் என்று கூப்பிட்டுக் கேட்டிருக்க மாட்டாள். சிரித்துக்கொண்டு ஒரு உறையைத் திறந்து படத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள்.

கறுப்பு வெள்ளைப் படம். முன்னாலிருந்து எடுத்தது. மஸ்டாவின் முகப்பு, இலக்கத் தகடு. கூரையில் ஒரு பெரிய சூட்கேஸ், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மனிதன், மீசையோடு, எல்லாப் பல்லும் தெரிய. அவன் பாதையைப் பார்க்கவில்லை. இடது பக்கம் முகத்தைத் திருப்பி, பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலை, இரட்டைப் பின்னல், வாய் ஆவென்று திறந்தபடி.

அன்ரனும் எட்டிப் பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான். பார்த்துவிட்டு நிமிர்ந்து, திரும்பவும் உறுதியாக, "ஐ ஆம் தி ட்ரைவர்," என்றான்.

டெபி படத்தைப் பார்த்தாள், மீசையில்லாத அன்ரனைப் பார்த்தாள், மீசையோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"நோ," என்றாள் மலர். வேலையிடத்தில்கூட நாலு வார்த்தைக்கு மேல் இங்கிலீஷ் பேசக் கூச்சப்படுகிறவள், கவுண்டர் முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "ஹீ இஸ் தி ட்ரைவர். மை ஹஸ்பண்ட். ஐ வாஸ் இன் தி கார். ஐ ஆம் தி விட்னஸ்."

"அண்டைக்கு நான் வானிலை எல்லோ..." என்று முனகினேன்.

"வான் நாங்கள் வந்து ரெண்டாம் கிழமை வாங்கினது. டிக்கியிலை என்ரை சூட்கேஸ் போகேல்லை எண்டு ஒரு மணித்தியாலம் நிண்டு கயிறு கட்டினனீங்கள். கயிறும் தெரியுது, பாருங்கோ." பிறகு குரலை இறக்கினாள். "அந்தத் திகதியை எனக்கு ஒருக்கால் காட்டியிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன். ஒவ்வொரு வருசமும் அந்த நாளிலை பாயாசம் வைக்கிறன், ஏனெண்டு ஒரு நாளாவது கேட்டனீங்களோ?"

மூன்று பாயாசம் குடித்திருக்கிறேன். நல்லாயிருக்கு என்றும் சொல்லியிருக்கிறேன். ஆயிரக்கணக்கான வழக்கு இலக்கங்களை மனப்பாடமாக வைத்திருந்தவனுக்கு இந்த ஒரு திகதி இல்லாமல் போயிற்று.

அதைவிட என்னைக் குத்தியது அன்ரனின் முகம். புருவத்தில் மாவோடு, குற்றத்தை ஏற்றுக்கொள்ளத் தயாராக நின்றான். இந்த முகத்தை எனக்குத் தெரியும். வேலியோரம் நிரையாக நின்ற முகங்கள். அவர்கள் பத்தரை பஸ்ஸுக்காகச் சொன்னார்கள். இவன் நான் எடுத்துக்கொடுத்த வேலைக்காகவும் விட்டுக்கொடுத்த அறைக்காகவும் சொன்னான். நான் அன்றைக்குப் போலவே அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

பச்சை ஃபைலிலிருந்து சத்தியக்கடதாசியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "மன்னிச்சுக்கொள் தம்பி. ஓடினது நான்."

"பரவாயில்லை அண்ணை." கொஞ்சம் யோசித்தான். "அப்ப நான் மாதாவுக்கு முன்னாலை செபிச்ச வாயாலை பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கிறன் என்ன? ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்திலை சொல்லவேணும். பண்ணுவிச்சது நீங்கள் எண்டு ஃபாதரிட்டைச் சொல்லலாமோ?"

"சொல்லு. என்ரை முழுப் பெயரையும் சொல்லு. அப்பான்ரை பேரை முன்னுக்குப் போட்டுச் சொல்லு, அப்பத்தான் கண்டுபிடிப்பினம்."

மலர் சிரித்துவிட்டாள். படத்தில் போலவே சேலைத் தலைப்பைத் தேடினாள். அன்றைக்குக் கம்பளி ஜம்பர் போட்டிருந்தபடியால் கையால் மூடிக்கொண்டாள்.

டெபிக்கு எங்கள் தமிழ் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். நான் டையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்று, "கில்ட்டி," என்றேன். அப்படிச் சொல்லத் தேவையில்லை, பக்கத்துக் கவுண்டரில் கட்டினால் போதும் என்றாள். கட்டினேன். ரசீது தந்தாள். தண்டம் தீர்ந்ததென்று ஒரு கடிதமும் கேட்டேன், நின்ற நிலையிலேயே அடித்துத் தந்தாள்.

"இந்தப் படத்திலை ஒரு கொப்பி எடுக்கலாமோ எண்டு கேளுங்கோ," என்றாள் மலர். "நாங்கள் வந்த நாளிலை எடுத்த படம் வேறை ஒண்டும் இல்லை."

எடுத்துத் தந்தாள்.

அன்று பின்னேரம் தாரணி அந்தப் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "வட் ஆம் ஐ சேயிங்?" என்றாள்.

"நீ வாயே மூடேல்லை," என்றாள் மலர். "பிளேனிலை கண்டதெல்லாத்தையும் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தனி. எல்லாம் தமிழிலை."

"ரியலி?" என்றாள் தாரணி. பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் சொல் தேடி, "அப்பா, நீங்க... ரோட்டைப் பாக்கேல்லை," என்றாள். அது அவள் பல மாதங்களுக்குப் பிறகு எனக்குச் சொன்ன முழுத் தமிழ் வசனம். குற்றச்சாட்டாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்.

5

குடியுரிமைக் கடதாசி இரண்டு மாதத்தில் வந்தது. பாஸ்போட்டும் வந்தது. விசா கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வந்தது. மூவருக்கும் டிக்கெட் எடுக்க வசதியில்லை, மலர் மட்டும் போவதென்று முடிவு. ஒன்றரை மாதம்.

விமான நிலையத்துக்கு வானில் கூட்டிப்போனேன். சூட்கேஸ் பின்னுக்கு வடிவாகக் கிடந்தது, கயிறு தேவைப்படவில்லை. தங்கச்சிக்குக் கட்டிய சாமான்களுக்கு நடுவில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படமும் போகிறது. ஏன் என்று கேட்டதற்கு, "அத்தான் எப்பிடி எண்டு அவள் கேப்பாள்தானே," என்றாள்.

மாங்கரேயில் அதே பாதை திரும்பியது. நேரம் தாராளமாக இருந்தது. நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பாதையை மட்டும் பார்த்து ஓடினேன். பக்கத்தில் பார்த்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மலர் எட்டி வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தாள்.

"வரேக்கை எழுபத்தொண்டிலை கொண்டு வந்தனீங்கள்," என்றாள். "அனுப்பேக்கை என்ன, முப்பத்தைஞ்சோ?"

"இந்த இடத்திலை கமரா நிக்கும்," என்றேன்.

"ஓம், ஓம். கமரா," என்று சொல்லி, என் கைக்கு மேல் கையை வைத்தாள்.

பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். நான் முப்பத்தைந்திலேயே போனேன்.